ஹைபிரிட் கார் மைலேஜ் திடீர்னு விழுந்துடுச்சா? பேட்டரியை மாத்தறதுக்கு முன்னாடி இந்த 7 விஷயத்தைப் பாருங்க

லிட்டருக்கு 24 கிலோமீட்டர் கொடுத்துட்டிருந்த ஹைபிரிட் கார், ஒரே மாசத்துல 19-க்கு இறங்கினா என்ன செய்வீங்க? நிறைய பேர் நேரா ஒர்க்ஷாப்புக்குப் போறாங்க. அங்க "ஹைபிரிட் பேட்டரி வீக் ஆயிடுச்சு சார், மாத்திடலாம்"னு ஒரு பெரிய தொகை சொன்னா, பயத்துல தலையாட்டிட்டு வந்துடறாங்க.

இந்தப் பதிவுல, மைலேஜ் ஏன் விழுதுன்னு எந்த வரிசையில கண்டுபிடிக்கணும், எதுக்குக் காசு செலவு பண்ணணும், எதுக்குப் பண்ணக் கூடாதுன்னு பார்ப்போம். செய்யூர்ல இருக்கிற நம்ம சேனல் நேயர் ஒருத்தர் தன்னோட பெட்ரோல் கணக்கு நோட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். உதாரணத்துக்கு அவர் கணக்கையே எடுத்துக்கலாம். கார் வாங்கி நாலு வருஷம். தினமும் செய்யூர்ல இருந்து ஈசிஆர் பிடிச்சு கூவத்தூர், கல்பாக்கம் வழியா வேலைக்குப் போயிட்டு வர்றவர். மாசம் சுமார் 1,500 கிலோமீட்டர் ஓட்டம்.

முதல்ல காசு கணக்கு

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய்னு வெச்சுக்குவோம்.

- 24 கொடுத்தா: மாசம் 62.5 லிட்டர், ₹6,313
- 19 கொடுத்தா: மாசம் 79 லிட்டர், ₹7,974

வித்தியாசம் மாசம் சுமார் ₹1,660. வருஷத்துக்கு கிட்டத்தட்ட ₹20,000. "மைலேஜ் 21 சதவீதம்தானே குறைஞ்சிருக்கு"ன்னு தோணும். ஆனா பெட்ரோல் செலவு 26 சதவீதம் ஏறியிருக்கு. மைலேஜ் குறையற சதவீதமும் செலவு ஏறற சதவீதமும் ஒண்ணு கிடையாது, இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இதைவிடப் பெரிய அடி வேற இடத்துல இருக்கு. ஹைபிரிட் வாங்கும்போது சாதாரண பெட்ரோல் மாடலைவிட இரண்டரை லட்சம் அதிகம் கொடுத்தீங்கன்னு வெச்சுக்கோங்க. அந்த சாதாரண மாடல் லிட்டருக்கு 15 கொடுக்கும்னு எடுத்துக்கிட்டா, 24 கொடுக்கிற ஹைபிரிட் வருஷத்துக்கு சுமார் ₹45,000 மிச்சம் பண்ணும். போட்ட காசு அஞ்சரை வருஷத்துல திரும்பி வந்துடும். அதே கார் 19-லயே நின்னுட்டா மிச்சம் ₹25,500தான். காசு திரும்ப கிட்டத்தட்ட 10 வருஷம் ஆகும். அதாவது நீங்க ஹைபிரிட் வாங்கினதுக்கான காரணமே ஆட்டம் கண்டுடுது. அதனாலதான் இதை "வண்டி பழசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்"னு விட்டுடக் கூடாது.

1. உண்மையிலேயே விழுந்திருக்கா?

டேஷ்போர்டு காட்டற எண்ணை மட்டும் நம்பாதீங்க. பல கார்கள்ல அது கொஞ்சம் கூடுதலாவே காட்டும். சர்வீஸ்ல 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தா பழைய சராசரி அழிஞ்சு, புதுசா கணக்கு ஆரம்பிச்சிருக்கலாம். அப்போ ரெண்டு நாள் டிராஃபிக்ல மாட்டினாலே எண் தடால்னு விழுந்த மாதிரி தெரியும்.

சரியான வழி, டேங்க் டு டேங்க். ஒரே பங்க், முடிஞ்சா ஒரே பம்ப். ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திடணும், அதுக்கு மேல ரவுண்டா போடச் சொல்லக் கூடாது. ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணிட்டு, அடுத்த முறை அதே மாதிரி நிரப்பி, ஓடின கிலோமீட்டரை லிட்டரால வகுங்க. நம்ம நேயருக்கு 612 கிலோமீட்டருக்கு 32.1 லிட்டர் பிடிச்சிருக்கு. அதாவது 19.1. ஆனா கார் காட்டினது 20.4. ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வராதீங்க, மூணு டேங்க் பாருங்க.

பங்க் அளவுலயே சந்தேகம் இருந்தா, முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில பிடிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. குறைவா இருந்தா, நம்ம தமிழ்நாட்டுல எடையளவு விவகாரத்தைப் பார்க்கிறது தொழிலாளர் துறை. புகார் அங்க கொடுக்கலாம்.

இன்னொண்ணு. கம்பெனி சொன்ன எண்ணோட ஒப்பிட்டு "விழுந்துடுச்சு"ன்னு சொல்லாதீங்க. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஹைபிரிட்டுக்கு 27.97, இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டுக்கு 23.24ன்னு சொல்றதெல்லாம் ஆய்வுக்கூடத்துல, ஏசி போடாம, அதிகபட்சம் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்துல எடுக்கிற கணக்கு. ஒப்பிட வேண்டியது உங்க காரோட போன மாசக் கணக்கோடதான்.

2. கார் மாறிச்சா, நீங்க மாறினீங்களா?

சாதாரண காருக்கு ஹைவேல மைலேஜ் கூடும், ஊருக்குள்ள குறையும். ஹைபிரிட்டுக்கு பெரும்பாலும் இது தலைகீழ். ஊருக்குள்ள பிரேக் போடும்போதெல்லாம் பேட்டரி சார்ஜ் ஆகும், மெதுவா போகும்போது மோட்டாரே வண்டியை இழுத்துடும். ஈசிஆர்ல ஒரே வேகத்துல பறந்தா அந்த லாபம் கிடையாது. மேலும், காற்றுத் தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 80-ல இருந்து 100-க்குப் போனா காற்றை எதிர்க்கிற விசை ஒன்றரை மடங்குக்கு மேல ஆயிடுது. வழக்கமா 80-ல போறவர், ரோடு அகலமாயிடுச்சேன்னு 100-ல போக ஆரம்பிச்சா, அதுவே மைலேஜை நல்லா இழுத்துடும்.

அடுத்து இதையெல்லாம் பாருங்க:

- ரெண்டு, மூணு கிலோமீட்டர் சின்னச் சின்ன ஓட்டம் கூடியிருக்கா? எஞ்சின் சூடாகறதுக்குள்ள வீடு வந்துடும். சூடாகற வரைக்கும் எஞ்சின் அணையாது.
- கத்திரி வெயில்ல டியூஷன் வாசல்ல, பஸ் ஸ்டாண்டுல ஏசி போட்டு உட்கார்ந்திருக்கீங்களா? ஹைபிரிட்ல ஏசி கம்ப்ரசர் பேட்டரில ஓடும். பேட்டரி இறங்கினதும் எஞ்சின் தானா ஸ்டார்ட் ஆகி சார்ஜ் பண்ணும். ஒரு கிலோமீட்டர் கூட ஓடாம பெட்ரோல் போயிட்டே இருக்கும்.
- கியர் லிவர்ல 'பி' நிலை இருக்கிற கார்னா, யாராவது அதுலயே ஓட்டறாங்களான்னு பாருங்க. அது மலை இறக்கத்துக்கு. தினசரி ஓட்டத்துக்கு 'டி'தான்.
- மேல கேரியர் மாட்டியிருக்கா? வீட்ல வேற யாராவது வண்டியை ஓட்டறாங்களா?

இதுக்கெல்லாம் ஒரு ரூபாய் செலவில்லை. அதனாலதான் லிஸ்ட்ல மேல வெச்சிருக்கேன்.

3. எத்தனால்மேல பழி போடறதுக்கு முன்னாடி

"எல்லாம் இந்த இ20 பெட்ரோலால வந்தது"ங்கற பேச்சு இப்போ எங்க பார்த்தாலும் இருக்கு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கிற எரிசக்தி, பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு குறைவு. அதனால 10 சதவீதக் கலப்புல இருந்து 20 சதவீதத்துக்குப் போனா, எரிசக்தி சுமார் 3 சதவீதம் குறையும். எத்தனாலே இல்லாத பெட்ரோலோட ஒப்பிட்டா 6, 7 சதவீதம். 2021-ல வந்த நிதி ஆயோக் அறிக்கையும், பழைய வடிவமைப்பு கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் வரை, இ10-க்கு வடிவமைச்சு இ20-க்கு ட்யூன் பண்ணின கார்களுக்கு 1 முதல் 2 சதவீதம் குறையலாம்னுதான் சொல்லுது.

நம்ம உதாரணத்துல 24-ல 3 சதவீதம் போனா 23.3. ரொம்ப மோசமா 7 சதவீதம்னே வெச்சாலும் 22.3. பத்தொன்பதுக்கு வராது! எத்தனால் ஒரு சின்னப் பங்குதாரர், முழுக் குற்றவாளி இல்லை. அதைத் திட்டிட்டு உட்கார்ந்தா உண்மையான கோளாறு உள்ளேயே இருந்துடும்.

4. டயர்

காலைல வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, டயர் குளிர்ச்சியா இருக்கும்போது காத்து பாருங்க. எவ்வளவு இருக்கணும்னு டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறை கணக்குப்படி, நாலு டயர்லயும் சராசரியா ஒரு பிஎஸ்ஐ குறைஞ்சா மைலேஜ் 0.2 சதவீதம் விழும். 33 இருக்க வேண்டிய இடத்துல 25 இருந்தாக்கூட 1.6 சதவீதம்தான். ஆனா டயர் தேய்மானமும் பாதுகாப்பும் இருக்கே, அதுக்காகவாவது பார்க்கணும்.

டயரையே மாத்தியிருந்தா கதை வேற. கம்பெனில இருந்து ஹைபிரிட்டோட வர்ற டயர் பெரும்பாலும் உருளும்போது தடை கம்மியா இருக்கிற வகை. கடைல கிடைச்சது, அகலமா கெத்தா இருக்கறதுன்னு போட்டா அந்தத் தடை ஏறும். உருளும் தடை 10 சதவீதம் மாறினா மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் மாறும்ங்கறது பொதுவான கணக்கு. அதனால டயர் மாத்தினதுல 3, 4 சதவீதம் போறது சகஜம். அலைன்மென்ட் தப்பா இருந்தா இன்னும் கொஞ்சம்.

5. பிரேக் பிடிச்சுக்கிட்டிருக்கா? கடலோரக்காரங்க கவனிங்க

செய்யூர், கடப்பாக்கம், மரக்காணம் பக்கமெல்லாம் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். காத்துலயே உப்பு. இரும்பு எல்லாத்தையும் அரிக்கும். ஹைபிரிட்ல இன்னொரு சங்கதியும் சேருது. வேகம் குறைக்கிற வேலையில பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கறதால, பிரேக் பேடும் டிஸ்க்கும் சாதாரண காரைவிடக் குறைவாத்தான் வேலை செய்யுது. பேட் ரொம்ப நாள் வரும்ங்கறது லாபம். ஆனா கேலிப்பர் சரியா நகர உதவற பின் துருப்பிடிச்சு இறுகினாலும் வெளிய தெரியாது. பேட் டிஸ்க்கை லேசா உரசிக்கிட்டே இருக்கும். நாள் பூரா பிரேக்ல கால் வெச்சு ஓட்டற மாதிரி!

எப்படிக் கண்டுபிடிக்கிறது? பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு, கடைசில அதிகம் பிரேக் போடாம மெதுவா நிறுத்துங்க. நாலு வீல் பக்கத்துலயும் கையைக் கொண்டு போய்ப் பாருங்க. தொடாதீங்க, சுட்டுடும். ஒரு வீல் மட்டும் மத்ததைவிட அனலா அடிச்சா அங்கதான் விஷயம். மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கி, வீலைக் கையால சுத்திப் பார்த்தா உறுதியாயிடும். பின்னைக் கழற்றி, சுத்தம் பண்ணி, அதுக்கான கிரீஸ் தடவினா பெரும்பாலும் சரியாயிடும். துரு ரொம்ப அரிச்சிருந்தா மட்டும் பாகம் மாத்த வேண்டி வரும்.

6. எஞ்சின் பக்கம்

சர்வீஸ் முடிஞ்ச கையோட மைலேஜ் விழுந்திருந்தா, பில்லை எடுத்து எஞ்சின் ஆயில் கிரேடைப் பாருங்க. இப்போ வர்ற ஹைபிரிட்களுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிசான ஆயில் சொல்லியிருப்பாங்க. அதுக்குப் பதிலா 20டபிள்யூ-40 மாதிரி கெட்டியான ஆயிலை ஊத்தினா எஞ்சின் சுத்தவே அதிக சக்தி வேணும். உங்க கையேட்டுல எழுதியிருக்கிற கிரேடுதான் வேணும்னு சர்வீஸ் கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்துடுங்க.

அடுத்து தெர்மோஸ்டாட். அது திறந்த நிலையிலயே மாட்டிக்கிட்டா எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராது. சூடு வராம ஹைபிரிட் எஞ்சினை அணைக்காது. சிக்னல்ல நிக்கும்போது முன்னெல்லாம் அணைஞ்சிடும், இப்போ ஓடிக்கிட்டே இருக்குன்னா இதையும் சந்தேகப்படுங்க. போன்ல கனெக்ட் பண்ற ஒரு சின்ன ஓபிடி ஸ்கேனர் வாங்கினா கூலன்ட் சூடு எவ்வளவுன்னு நீங்களே பார்க்கலாம். நல்லா ஓடின பிறகும் 60, 65 டிகிரிலயே தயங்கி நின்னா தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொல்லுங்க.

ஏர் ஃபில்டரை மாத்தினா மைலேஜ் ஏறும்னு யாராவது சொன்னா? கார்புரேட்டர் காலத்துல அது சரி. அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-ல சோதிச்சப்போ, இன்ஜெக்‌ஷன் கார்கள்ல அடைச்ச ஃபில்டரால பிக்கப் குறைஞ்சதே தவிர மைலேஜ் பெருசா மாறலை. மாத்த வேண்டிய நேரத்துல மாத்துங்க, ஆனா அதுல இருந்து 5 கிலோமீட்டர் திரும்பி வரும்னு எதிர்பார்க்காதீங்க.

7. கடைசியா, ஹைபிரிட் பேட்டரி

பேட்டரிக்குப் போறதுக்கு முன்னாடி அதோட காற்று வழியைப் பாருங்க. நிறைய ஹைபிரிட்கள்ல பேட்டரியைக் குளிர வைக்கிற ஃபேன், காருக்குள்ள இருந்துதான் காத்தை இழுக்கும். சீட் பக்கத்துலயோ கீழயோ ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். எங்க இருக்குன்னு உங்க கையேட்டுல பாருங்க. அதுல தூசி, முடி, நூல் அடைச்சிருந்தாலோ, மேல பையோ துணியோ போட்டு மூடியிருந்தாலோ பேட்டரி சூடாகும். சூடானா காரே பேட்டரியை அதிகம் பயன்படுத்தாம தடுத்து, எஞ்சினைக் கூடுதலா ஓட வைக்கும். ஜன்னலைச் சுத்தம் பண்ண செலவு ஒண்ணுமில்லை.

பேட்டரி உண்மையிலேயே தளர்ந்தா சில அறிகுறி தெரியும். சார்ஜ் காட்டற கட்டைகள் சரசரன்னு ஏறும், சரசரன்னு இறங்கும். ஃபேன் சத்தம் அடிக்கடி கேட்கும். எச்சரிக்கை விளக்கு வரலாம். இதெல்லாம் இல்லாம மைலேஜ் மட்டும் விழுந்திருந்தா பேட்டரி முதல் சந்தேகமே கிடையாது. "மாத்தணும்"னு சொல்றவங்ககிட்ட, ஒவ்வொரு பிளாக்கோட வோல்டேஜும் வர்ற ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காகிதத்துல கேளுங்க. ரிப்போர்ட் இல்லாம பேட்டரிக்குக் காசு கொடுக்காதீங்க.

வாரண்டியையும் மறந்துடாதீங்க. டொயோட்டா, மாருதி ஹைபிரிட்களுக்கு பேட்டரி வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அது. நாலு வருஷக் காருக்கு, கோளாறு உறுதியானா அது கம்பெனி பார்த்துக்க வேண்டிய விஷயம். வெளி ஒர்க்ஷாப்புல திறந்துட்டா அப்புறம் வாரண்டி கேட்கிறது கஷ்டம். ஆரஞ்சு நிற ஒயரை மட்டும் நீங்களோ பழக்கமில்லாத மெக்கானிக்கோ தொடவே கூடாது. அதுல ஓடறது உயிரை எடுக்கக் கூடிய மின்சாரம்.

நம்ம நேயர் கார்ல என்ன இருந்தது?

அவர்கிட்டயும் ஒரு இடத்துல "பேட்டரி"ன்னுதான் சொல்லியிருக்காங்க. நோட்டைப் பார்த்தா, மழைக்காலத்துல மூணு வாரம் வண்டி திறந்தவெளில நின்னிருக்கு. அதுக்கு முந்தின வாரம்தான் டயர் மாத்தியிருக்கார். ரெண்டுக்கும் அப்புறம்தான் விழுந்திருக்கு. வீல் சூடு பார்த்ததுல முன்பக்க இடது வீல் மட்டும் அனல். பின்னைச் சுத்தம் பண்ணின பிறகு ஓடின டேங்க்ல 22. அப்புறம் காத்தை ஸ்டிக்கர்படி வெச்சு அலைன்மென்ட் பண்ணினதுல 23. மீதி ஒண்ணு புது டயரோட பங்கு. அது தேயற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டார். பேட்டரி? அதே பேட்டரிதான் இன்னிக்கும் ஓடுது.

இங்க கவனிக்க வேண்டியது, அவர் ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாத்தினார். ஒவ்வொண்ணுக்கும் ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்தார். எல்லாத்தையும் ஒரே நாள்ல செஞ்சிருந்தா எது குற்றவாளின்னு கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது.

எல்லாம் சரி, இன்னும் ஏறலைன்னா?

சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாங்களான்னு கேளுங்க. இதுக்கு ஒரு பிரபலமான வழக்கே இருக்கு. அமெரிக்காவுல ஹெதர் பீட்டர்ஸ்ங்கறவர் 2006 மாடல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் வெச்சிருந்தார். பேட்டரி ஆயுளுக்காக 2010-ல வந்த சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு அப்புறம் மைலேஜ் ரொம்ப விழுந்துடுச்சுங்கறது அவர் புகார். கேலனுக்கு 50 மைல்னு சொல்லி வித்த கார் 30 பக்கம்தான் கொடுத்ததுன்னார். நம்ம கணக்குல 21-க்கு பதிலா 13. கூட்டு வழக்குல கிடைக்க இருந்த 100, 200 டாலர் வேண்டாம்னு ஒதுங்கி, தனியா சிறு வழக்கு நீதிமன்றம் போனார். 2012 பிப்ரவரில 9,867 டாலர் கொடுக்கணும்னு தீர்ப்பு வந்தது. ஆனா அதே வருஷம் மே மாசம் மேல்முறையீட்டுல அது ரத்தாயிடுச்சு.

இதுல இருந்து நாம எடுத்துக்க வேண்டிய பாடம்: விளம்பர எண்ணை மட்டும் வெச்சு சண்டை போட்டா நிக்கறது கஷ்டம். "இந்தத் தேதி வரைக்கும் இவ்வளவு, நீங்க கை வெச்சதுக்கு அப்புறம் இவ்வளவு"ன்னு காட்டற உங்க சொந்தக் கணக்குதான் பலம். பில், சர்வீஸ் ஜாப் கார்டு, பெட்ரோல் ரசீது எல்லாத்தையும் எடுத்து வையுங்க. எழுத்துல புகார் கொடுங்க. பதில் வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் மேல செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. பிரச்சினை வந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். கொடுத்த விலை 10 லட்சத்துல இருந்து 20 லட்சம் வரைக்கும்னா கட்டணம் ₹400தான்.

இன்னிக்கே செய்ய வேண்டியது

ஒரு நோட்டு, இல்ல போன்ல ஒரு ஷீட். தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய், அந்த டேங்க்ல ஏதாவது வேலை பார்த்தீங்களா, இந்த அஞ்சு காலம் போதும். மைலேஜ் நல்லா இருக்கும்போதே ஆரம்பிங்க. வண்டி நல்லா இருந்தப்போ எடுத்த கணக்கு இருந்தாத்தான், கெட்டுப்போன அன்னிக்கு எதோட ஒப்பிடறதுன்னு தெரியும். வீல் சூடு பார்க்கிறது எப்படி, ஓபிடி ஸ்கேனர்ல எந்த எண்ணைப் பார்க்கணும்னு வீடியோவுல செஞ்சே காட்டறேன்.